சி.டி. பிளேயரையும் சரக்குப் பார்த்து வாங்குவோம்

கொள்முதலில்தான் லாபம் என்பது வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் அல்ல. கீழமாசி வீதியில் துவரம் பருப்பு வாங்கப் போகிறவர் மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும் பெயரை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணி வைப்பதில்லை. குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறார், உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார், ஒன்றைக் கடித்தும் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் விலை பேச்சு. அப்படிப்பட்ட நாமே வீட்டுக்கு ஒரு மின்சாதனம் வாங்கப் போனால் இந்தப் பழக்கத்தையெல்லாம் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். பெட்டியின் பளபளப்பையும் அதில் அச்சடித்த பெரிய எண்களையும் நம்பிப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். குறைந்த செலவில் சி.டி. பிளேயர் வாங்குவது பற்றிய இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: நமக்குத் தெரிந்த சரக்குப் பார்க்கும் முறையை இங்கேயும் கடைப்பிடித்தால் போதும், பணம் மிஞ்சும்.

“இந்தக் காலத்தில் சி.டி. பிளேயரா? செல்போனில் எல்லாப் பாட்டும் வருகிறதே” என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டு கேட்பதற்கு மாதச் சந்தாவும் இணைய இணைப்பும் வேண்டும். உரிமைத் தகராறு வந்தால் இன்று இருக்கும் பாட்டு நாளை அந்தப் பட்டியலில் இருக்காது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் தகடுகளோ ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவை. டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனீபா, இளையராஜா பாடல்கள் இருக்கும். மார்கழியில் போடும் திருப்பாவை இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கையின் கல்யாணமும் தாத்தாவின் குரலும் பதிந்த தகடுகள் இருக்கும். அவற்றைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லாமல் பல வீடுகளில் பரணில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கையில் சரக்கு இருந்தும் தராசு இல்லாத கடை போன்றதுதான் இது.

தகடு வந்த வழி

பிலிப்ஸ், சோனி ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நம் ஊர்களில் அப்போது ஒலிநாடா கேசட்டின் காலம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டியிலும், சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களிலும்தான் சி.டி. பிளேயரைப் பார்க்க முடியும். 1990-களின் பிற்பகுதியில் வி.சி.டி.யும், அதையடுத்து எம்.பி.3 தகடும் டி.வி.டி.யும் வந்த பிறகுதான் தகடு சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டியது. 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிய காலத்தில் மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலும் மலிவு விலை டி.வி.டி. பிளேயரைப் பார்க்க முடிந்தது. அதே காலத்தில் மோசர் பேர் கம்பெனி சினிமா வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொண்டு வந்தது. சோப்பு, பிஸ்கட் விற்பதுபோல் விலையைக் குறைத்து ஏராளமாக விற்கும் முறை அது. அந்தக் கம்பெனியே 2018-ல் கலைப்பு நடவடிக்கைக்குப் போய்விட்டது.

இதில் வாங்குபவருக்கு இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, இந்தக் கருவிகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. எனவே அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு, செய்தவர்களில் பலர் இப்போது தொழிலில் இல்லை. எனவே உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

முதலில் இருப்புக் கணக்கு

சரக்குப் போடுவதற்கு முன் இருப்பு எடுக்கிறோம் அல்லவா? அதேபோல் அலமாரியில் உள்ள தகடுகளை நான்காகப் பிரியுங்கள். பத்துப் பதினைந்து பாட்டுகள் உள்ள ஆடியோ சி.டி., நூறு நூற்றைம்பது பாட்டுகள் அடங்கிய எம்.பி.3 தகடு, ஒரு படத்துக்கு இரண்டு மூன்றாக வந்த வி.சி.டி., அடுத்து டி.வி.டி.

பழைய ரக சி.டி. பிளேயர் இவற்றில் முதல் வகையை மட்டுமே பாடும். நம் வீடுகளில் அதிகம் இருப்பதோ மற்ற மூன்று வகைகள். ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது, நான்கையும் படிக்கும் சாதாரண டி.வி.டி. பிளேயர்தான் என்பது என் கருத்து. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். பெயர் பெற்ற கம்பெனிகளின் தனி சி.டி. பிளேயர்கள் அதைப்போலப் பல மடங்கு விலை.

ஆனால் டி.வி.டி. பிளேயர் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பின்பக்கத்தில் சிவப்பு, வெள்ளை நிறத்தில் இரண்டு ஆடியோ சாக்கெட்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள். சில புதிய மாடல்களில் டி.வி.க்கான எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருக்கிறது, அதை உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரில் நேரடியாகச் செருக முடியாது. இரண்டாவது, முன்பக்கத்தில் பாட்டு எண் காட்டும் டிஸ்ப்ளே வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பாட்டைத் தேர்ந்தெடுக்க டி.வி.யைப் போட வேண்டியிருக்கும். வயதான அப்பா, அம்மா கேட்பதற்காக வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

விலையும் ஓசையும்

விலை கூடினால் ஓசை கூடும் என்று நினைக்கிறோம். ஸ்பீக்கர் விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மை. சி.டி. பிளேயர் விஷயத்தில் அந்த அளவுக்கு உண்மை இல்லை. ஆடியோ சி.டி.யில் ஓசை வெறும் எண்களாகப் பதிந்திருக்கிறது. ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். பிளேயரின் வேலை அந்த எண்களைப் பிழையில்லாமல் படித்து ஓசையாக மாற்றுவது. நல்ல நிலையில் உள்ள மலிவுக் கருவியும் அதே எண்களைத்தான் படிக்கிறது. விலை உயர்ந்த பெட்டியில் உறுதியான உடலும், சத்தமில்லாத டிரேயும், நீண்ட உழைப்பும் கிடைக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சாதாரணக் காதுக்கு வித்தியாசம் தெரிவது அரிது.

எனவே கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால் மூவாயிரத்தைப் பிளேயருக்கு ஒதுக்கி, மீதியை ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் செலவிடுவதே கெட்டிக்காரத்தனம். அதற்கும் முன்னால் பரணை ஒரு முறை பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மியூசிக் சிஸ்டத்தில் சி.டி. பகுதி மட்டும் கெட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கும். அதன் பின்பக்கத்தில் ‘ஆக்ஸ்’ என்று எழுதிய சாக்கெட் இருந்தால் புது பிளேயரை அங்கே இணைத்துவிடலாம். ‘ஃபோனோ’ என்று எழுதிய இடத்தில் மட்டும் செருகாதீர்கள். அது இசைத்தட்டுக் கருவிக்கானது, சி.டி.யை அங்கே கொடுத்தால் ஓசை கரகரக்கும்.

பெட்டியின் மேல் “2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.” என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அதற்கு ஒரே மாதிரியான அளவுமுறையே கிடையாது. கோணி, கயிறு, கல், மண் எல்லாம் சேர்த்துச் சொன்ன எடை அது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் நிகர எடை.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், கணக்குப் பார்த்து வாங்கலாம். சி.டி. பிளேயரில் தேய்ந்து போகிற முக்கியமான பாகம் லேசர் பிக்கப். அடுத்தது டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட். நம் ஊர் வெயிலுக்கு அது இறுகிவிடும் அல்லது தளர்ந்துவிடும். பெல்ட் சில்லறைச் செலவு. பிக்கப் அப்படியல்ல. சோனியின் கே.எஸ்.எஸ். 213 போன்ற பல கருவிகளுக்குப் பொதுவான பிக்கப் என்றால் மாற்று கிடைக்கும். அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே செய்த பிக்கப் என்றால் பெட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒதுங்கிவிடுங்கள். பழைய பெட்டியின் விலையோடு பிக்கப் மாற்றும் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை புது டி.வி.டி. பிளேயரின் விலையைத் தாண்டினால் அந்த வியாபாரம் வேண்டாம்.

வெளிநாட்டுப் பெட்டி என்றால் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். அப்படியே செருகினால் புகை வருவதுதான் மிச்சம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. கடைக்காரர் தரும் புதுத் தகட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். வீட்டிலிருந்து மூன்று தகடுகள் கொண்டு போங்கள். ஒன்று கம்பெனி ஆடியோ சி.டி., ஒன்று வீட்டில் பதிவு செய்தது, ஒன்று கொஞ்சம் கீறல் விழுந்தது. சி.டி. உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுவதால் முதல் பாட்டோடு நிறுத்தாமல் கடைசிப் பாட்டையும் போட்டுக் கேளுங்கள். பலவீனமான பிக்கப் முதல் பாட்டை நன்றாகப் பாடிவிட்டுக் கடைசியில் தாவும். தகட்டைப் போட்டதும் நெடுநேரம் யோசிக்கிற கருவியும் வேண்டாம். பழையதாக இருந்தால் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் சில குறைகள் வெளியே வரும்.

மிளகாய் நெடியும் சாம்பிராணியும்

இது மளிகைக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் நம்மில் பலர். மிளகாய் வற்றல், மல்லி, மாவு இவற்றின் தூசி காற்றில் எப்போதும் உண்டு. லேசர் பிக்கப்பின் கண்ணாடி ஒரு பருப்பளவுதான் இருக்கும். அதன் மேல் தூசி படிந்தால் பிளேயர் தகட்டைப் படிக்காது. “கெட்டுவிட்டது” என்று தூக்கிப் போடும் கருவிகளில் சில, துடைத்தாலே பாடக்கூடியவை. கருவியைக் கல்லாப் பெட்டி அருகிலோ, பூஜை மாடத்துக்குக் கீழேயோ வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தக் கண்ணாடிக்கு ஆகாது. உபயோகிக்காத நேரத்தில் டிரே மூடியே இருக்கட்டும்.

தகட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பாதுகாக்கிறோம். உண்மையில் பதிவு இருப்பது பெயர் எழுதிய மேல்பக்கத்துக்கு மிக அருகில். மேல்பக்கம் ஆழமாகக் கீறினால் அந்தத் தகடு போனதுதான். விலைச் சீட்டு ஒட்டி உரிப்பதும் அதே கேட்டைத் தரும்.

இன்னொன்றையும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். கல்யாண வி.சி.டி. போன்ற வீட்டுப் பதிவுகள் சாயத்தில் எழுதப்பட்டவை. வெயிலிலும் வெப்பத்திலும் அந்தச் சாயம் மங்கும். சினிமாப் பாட்டு போனால் வேறு இடத்தில் வாங்கலாம். மறைந்த பெரியவரின் குரலை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. பிளேயர் கிடைத்ததும் முதலில் அவற்றைப் போட்டுப் பார்த்து, படிக்கிற நிலையில் இருக்கும்போதே ஸ்டூடியோவில் கொடுத்துப் பென் டிரைவில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

எங்கே வாங்குவது?

மே 5 வணிகர் தினத்தில் மேடை போட்டு, ஆன்லைன் வியாபாரத்தால் சிறு கடைகள் நசிகின்றன என்று பேசுகிறோம். மறுநாளே நமக்கு வேண்டியதைச் செல்போனில் ஆர்டர் செய்தால் அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு? அருகில் உள்ள கடையில் வாங்குங்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்கும் உரிமை, நாமும் அப்படி வாங்கினால்தான் நமக்கு உண்டு.

இது உணர்ச்சிக்காக மட்டும் சொல்வதல்ல. ஆன்லைனில் முந்நூறு ரூபாய் குறையலாம். ஆனால் தகட்டைப் போட்டுச் சோதிக்க முடியாது. பின்பக்கச் சாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க முடியாது. டவுன் ஹால் ரோட்டிலோ, உங்கள் ஊர்க் கடைவீதியிலோ வாங்கினால் இந்த இரண்டும் முடியும். பழுது பார்க்கும் மெக்கானிக்கும் பக்கத்திலேயே இருப்பார். இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் வேலை கொடுத்தால்தான் அவர்கள் தொழிலில் நிற்பார்கள். அவர்கள் போய்விட்டால் நம் பழைய கருவிகள் அனைத்தும் இரும்புக் கடைக்குத்தான்.

அதே நேரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நம் சகோதர வணிகர்களுக்கும் ஒரு கோரிக்கை. பெட்டியைப் பிரித்துக் காட்டத் தயங்காதீர்கள். ஜி.எஸ்.டி. பில் கொடுங்கள், வாரண்டி கார்டில் தேதி போட்டு முத்திரை வையுங்கள். உதிரிபாகம் கிடைக்காத சரக்கை, கிடைக்காது என்று சொல்லியே விற்றுவிடுங்கள். சோதித்துப் பார்க்க விடாத கடைக்கும் செல்போன் திரைக்கும் வித்தியாசம் இல்லை என்று வாடிக்கையாளர் நினைத்துவிட்டால், பிறகு அவரைக் கடைக்கு வரவழைப்பது கடினம்.

ஆகவே வணிக நண்பர்களே, அடுத்த விடுமுறை நாளில் அலமாரியில் இருப்புக் கணக்கு எடுங்கள். மூன்று தகடுகளைப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போங்கள். பெயரையும் வாட்ஸையும் பார்க்காமல், படிக்கிறதா, இணைகிறதா, பழுது பார்க்க ஆள் உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் விலை பேசி, பில்லோடு வாங்கி வாருங்கள்.