மணிக்கு எவ்வளவு?

காலை ஆறு மணிக்கு ரெட்டியார்பாளையத்துப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கையில் துணிப்பை, அதனுள் சோற்றுத் தூக்கு. முறுக்கும் மிட்டாயும் ரொட்டியும் ஊறுகாயும் செய்யும் கூடங்களுக்குப் போகிறவர்கள் அவர்கள். நாட்கூலி எவ்வளவு என்று கேட்டால் உடனே விடை வரும். மணிக்கு எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார்கள். அப்படியொரு கணக்கு உண்டென்று எவரும் அவர்களிடம் சொன்னதில்லை.

இந்தச் சிரிப்பு புதுவை மண்ணில் எழுகிறது என்பதே நம்மை உறுத்துகிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியின் காவலர்கள் சுட்டனர், பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதலில் என்று பெருமை பேசுகிறோம். ஆண்டுதோறும் மலர் வைக்கிறோம். ஆனால் அவர்கள் உயிர் கொடுத்துப் பெற்றது மணியை எண்ணும் உரிமை என்பதை மறந்துவிட்டோம். பஞ்சாலையில் சங்கு ஊதினால் ஊரே நேரம் அறிந்தது. 2020இல் ரோடியர் ஆலை மூடப்பட்டது. அந்தச் சங்கும் போயிற்று. உணவுக் கூடங்களுக்கோ சங்கு என்பதே கிடையாது.

அங்கே நாள் என்பது இழுத்த இழுப்புக்கு நீளும். உடை மாற்றி, தலைக்கு வலை கட்டி, கை கழுவி வரிசையில் நிற்பதற்கே கால் மணி. மாலையில் எண்ணெய்ச் சட்டி ஆறும்வரை காத்திருந்து தேய்க்க வேண்டும். மாவு பிசையும் இயந்திரத்தின் இடுக்குகளைச் சுரண்ட வேண்டும். தரையைக் கழுவ வேண்டும். உணவுத் தொழிலில் கழுவாமல் போனால் மறுநாள் சரக்கு கெடும். ஆகவே கழுவுதலும் உற்பத்தியே. அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காத உரிமையாளர், சுத்தமான முறையில் தயாரித்தது என்று உறையில் அச்சிடுவது யாருடைய செலவில்?

ஒரு பேச்சுக்கு நாட்கூலி 480 ரூபாய் என்போம். எட்டு மணி நேரத்துக்கு அது மணிக்கு 60. நாள்தோறும் பத்து மணி நேரம் வேலை வாங்கினால் 48 ஆகிவிடுகிறது. ஒரு காசும் பிடிக்காமலே கூலி குறைந்துவிட்டது! மிகைநேரத்துக்கு இரட்டிப்பு என்பது சட்டம். கூடுதல் இரண்டு மணிக்கு 240. தரவேண்டியது 720. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரட்டிப்பைச் சொல்லிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்கில் வகுக்கவும் அது இடம் தருகிறது.

எண்ணெய் விலை ஏறிவிட்டது, தொழில் தாங்காது என்பார்கள் சிறு முதலாளிகள். அவர்களது இடர் மெய்யே. ஆனால் எண்ணெய் வணிகர் எட்டு லிட்டர் விலைக்குப் பத்து லிட்டர் ஊற்றுவதில்லையே. உழைப்பு மட்டும் ஏன் கொசுறாகக் கிடைக்க வேண்டும்? ஒப்புக்கொண்டுதானே வந்தார்கள் என்பது அடுத்த வாதம். ஒப்புதல் ஒன்றே கூலியை நீதியாக்கிவிடாது என்று 1891லேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் தெளிவுறுத்தினார். திராட்சைத் தோட்ட உவமையைக் காட்டி, நாட்கூலியே மறைநூல் மரபு என்று வாதிடுவோரும் நம்மிடையே உளர். அந்த உவமையில் மாலை ஐந்து மணிக்கு வந்தவர் முழுக்கூலி பெற்றார். பொழுது சாய்ந்தபின் எவரையும் நிறுத்தி வைத்ததாக அதில் இல்லை.

முறுக்குப் பொட்டலத்தின் மேல் எடை எத்தனை கிராம், என்று செய்தது, விலை என்ன என்று எழுதவேண்டும்; எழுதுகிறார்கள். கூலிச் சீட்டில் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்று எழுத அதைவிட மிகுந்த மை செலவாகாது. இதைக் கேட்கும் வலிமை அந்தப் பெண்களுக்கு இல்லை. கேட்டால் மறுநாள் வேலை இராது. மொத்தமாக வாங்கும் நமக்கு உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கேக்குச் சொல்லி முன்பணம் கொடுக்கும் பங்குப் பேரவைகள், பணத்தை எண்ணி வைக்குமுன் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லட்டும்.