வாக்கி-டாக்கி வாங்கப் போறீங்களா? கிலோமீட்டரை விடுங்க, 446-ஐப் பாருங்க

பெருந்துறையிலிருந்து நாலு காரில் திம்பம் வழியாக தாளவாடிக்கு ட்ரிப். பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது போனில் சிக்னல் வரும், போகும். பின்னால் வரும் கார் எங்கே நிற்கிறது என்று தெரியாது. பழனி பாதயாத்திரைக் குழுக்களுக்கும் பெரிய தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். "ரெண்டு வாக்கி-டாக்கி வாங்கிட்டா என்ன?" என்ற யோசனை வருவது இயல்பு.

ஆன்லைனில் தேடினால் கண்ணில் படுவது கிலோமீட்டர்தான். 5 கி.மீ., 10 கி.மீ., 30 கி.மீ. ஆனால் இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது தூரமோ விலையோ இல்லை, அலைவரிசை. அது தப்பாக இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளை வைத்திருப்பதே சட்டச் சிக்கல் ஆகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரேடியோ கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்றது 1933-ம் ஆண்டின் இந்திய கம்பியில்லா தந்திச் சட்டம். அதிலிருந்து சில குறைந்த சக்திக் கருவிகளுக்கு மத்திய அரசு விலக்கு தந்திருக்கிறது. 2018-ல் வந்த விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் மட்டும் இயங்கும் கையடக்க செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற சான்று இருக்க வேண்டும்.

இதில் "மட்டும்" என்ற சொல்தான் முக்கியம். சந்தையில் பிரபலமான பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற செட்டுகள் 136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் டியூன் ஆகும். "நான் 446-ல் தானே பேசுறேன்" என்றாலும் அந்தக் கருவி விலக்குக்குள் வராது. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வரும் செட்டும் அப்படித்தான். அங்கே உரிமம் இல்லாமல் பேச அனுமதிக்கப்பட்டது 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதி. இங்கே அது வேறு சேவைகளுக்கானது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஒரே அலைவரிசையில் ரெண்டு பேர் பேசினால் ஒருவர் குரல் அமுங்கும். அமுங்குவது போலீஸ், தீயணைப்பு அல்லது மீட்புக் குழுவின் குரலாக இருந்தால் அது விளையாட்டு இல்லை. சத்தியமங்கலம் காட்டுக்குள் வனத்துறையினரும் வயர்லெஸ்ஸை நம்பித்தான் வேலை செய்கிறார்கள்.

2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உரிம விவரமோ அலைவரிசையோ சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்றதற்காக 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. விதிமீறியதாகக் கண்டறியப்பட்ட விற்பனைப் பதிவுகள் 16,970. இப்படிப்பட்ட விற்பனைக்குத் தனி வழிகாட்டு நெறிமுறைகளும் அதே ஆண்டு வந்தன. 2026 ஜனவரியில் எட்டு நிறுவனங்களுக்கு மொத்தம் 44 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பெரிய பிராண்ட் தளத்தில் இருக்கிறது என்பதாலேயே அது சட்டப்படி சரியான பொருள் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

30 கி.மீ. நிஜமா?

446 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். சமதளத்தில் ரெண்டு பேர் செட்டைக் கையில் பிடித்து நின்றால், நடுவில் மரமோ கட்டடமோ இல்லாவிட்டாலும், பூமியின் வளைவே சுமார் 10 கி.மீ.க்கு மேல் மறைத்துவிடும். சென்னிமலை உச்சியில் ஒருவர் நின்றால் கதை வேறு. ஊருக்குள், கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு கி.மீ. கிடைத்தாலே நல்லது. மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பினால்கூட குரல் உடையும். அதனால் கான்வாயில் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் போனால்தான் பயன். பேசுவதும் டிரைவராக இருக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும்.

"பிரைவசி கோட்" என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். அது மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் வடிகட்டும், அவ்வளவுதான். நீங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம்.

அப்போ எப்படித் தேர்வு செய்வது?

● அலைவரிசை 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையா, அடுத்ததைப் பாருங்கள்.

● இ.டி.ஏ. சான்று எண்ணைக் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லைங்க" என்று விற்பவர் சொன்னால் வாங்காதீர்கள்.

● 5 வாட், 8 வாட் என்று சக்தியைப் பெரிதாகப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஐரோப்பாவில் இதே அலைவரிசைக்கு உச்சவரம்பே அரை வாட்தான்.

● கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, டைப்-சி சார்ஜிங், மழைக்கும் தூசிக்கும் தாங்கும் ஐ.பி. ரேட்டிங். இந்த மூன்றுக்கும் கூடுதல் காசு கொடுக்கலாம்.

● சிப்காட் ஆலைகளில் செக்யூரிட்டி கையில் இருப்பது போன்ற அதிக சக்தி செட்டுகளை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். அவை நிறுவனம் உரிமம் எடுத்து இயக்க வேண்டியவை.

ரேடியோவிலேயே ஆர்வம் இருந்தால் நேர்வழி இருக்கிறது: ஹாம் ரேடியோ. 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். 144–146 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட பகுதிகளில் பேசலாம், வியாபாரத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது. அதே சமயம், நெட்வொர்க் நன்றாக இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு போனில் ஒரு குரூப் காலே போதும்.

பொறுப்பு யாருடையது?

மெகாஹெர்ட்ஸ் கணக்கு பார்த்துப் பொருள் வாங்கும் வேலையை முழுக்க வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அபராதம் கட்டிவிட்டு வேறு பெயரில் அதே செட் மீண்டும் விற்பனைக்கு வந்தால், நாளை சிக்குவது அதை வாங்கிய கல்லூரி மாணவராகத்தான் இருக்கும். அலைவரிசையும் இ.டி.ஏ. எண்ணும் பெட்டியின் முன்பக்கத்தில், தமிழிலும், பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும். உரிமம் தேவைப்படும் செட்டை உரிமத்தைக் காட்டாமல் கார்ட்டில் போடவே முடியக் கூடாது.

அதுவரை, விவரம் மறைத்து விற்கும் பதிவைப் பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள்.