பேஸ் வேணுமா, வால்யூம் வேணுமா? ஹெட்போன் வாங்கும் முன் காதைக் கேளுங்க!

காலை நேரத்தில் சிவகிரியிலிருந்து ராஜபாளையம் பக்கமோ தென்காசி பக்கமோ போகும் பஸ்ஸில் ஏறினால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஜன்னலோர சீட்டில் ஒரு கல்லூரி மாணவர். காதில் இயர்பட்ஸ். கண் மூடியிருக்கும், தலை மட்டும் தாளத்துக்கு ஆடும். கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் கை பாக்கெட்டுக்குப் போகும். வீட்டுக்கு வந்தாலும் அதே கதை. "எத்தனை வாட்டி கூப்பிடுதேன், காது கேக்கலையாய்யா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்க வேண்டும்.

டெக்னோ, ஹவுஸ், டிரான்ஸ், சினிமாப் பாட்டு ரீமிக்ஸ் என்று இந்தத் தலைமுறையின் ப்ளே லிஸ்ட் முழுக்க எலெக்ட்ரானிக் இசை. "இதுக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம்?" என்று கேட்டால் கடைக்காரர், ரிவ்யூ வீடியோ, நண்பன் என எல்லாரிடமிருந்தும் வரும் பதில் ஒன்றுதான்: "இதுல பேஸ் அள்ளும்!"

ஆனால், பேஸ் என்று நினைத்துப் பலர் காசு கொடுத்து வாங்கி வருவது வெறும் வால்யூம். அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நஷ்டம் பர்ஸுக்கு மட்டும் இல்லை, காதுக்கும்தான்.

கொடையில் கேட்ட 'தொம்'

தென்காசி வட்டாரப் பிள்ளைகள் பெரிய பேஸை முதலில் கேட்பது ஹெட்போனில் இல்லை, ஊர்க் கோயில் கொடையில். சவுண்ட் சர்வீஸ்காரர் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்த பாக்ஸ் முன்னால் நின்றால், 'தொம்' என்ற அடி காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் விழும். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பலத்த ஒலியைக் காது மட்டுமல்ல, உடம்பும் உணர்கிறது.

காதுக்குள் இருக்கும் சின்னக் கருவியால் அந்த நெஞ்சதிர்வைத் தர முடியாது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் முடியாது. இது தெரியாமல், 'கொடையில் கேட்ட மாதிரி வரலையே' என்று ஒவ்வொரு புள்ளியாக வால்யூமை ஏற்றுகிறோம். அதிர்வு வராது, காதுதான் அடி வாங்கும்.

எலெக்ட்ரானிக் இசைக்கு ஏன் தனி கவனம்?

இந்த இசை நமக்குப் புதிதல்ல. 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக் கலைஞர், ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர்-808 டிரம் மெஷினையும் டி.பி-303 பேஸ் கருவியையும் வைத்து, 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆன பிறகுதான் 'ஆசிட் ஹவுஸ் இசைக்கு இவர் முன்னோடியா?' என்று உலகமே பேசியது. தமிழில் 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டர் இசையைத் தொட்டுவிட்டார். 1992-ல் 'ரோஜா' வந்தபோது, ஏ.ஆர்.ரஹ்மானின் வீட்டு ஸ்டூடியோவில் பிறந்த ஒலி ஊரெங்கும் பரவியது.

இந்த வகை இசையில் இரண்டு முனைகளிலும் வேலை அதிகம். கீழே, 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை கிக் டிரம்மும் பேஸ் லைனும் ஓடும். மேலே, 8,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் ஹை-ஹாட்டின் 'ட்ஸ் ட்ஸ்' இருக்கும். போன் ஸ்பீக்கரில் கீழ்ப்பகுதி ஏறக்குறைய வரவே வராது. நல்ல ஹெட்போன் இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். கிக் அடிப்பதும் பேஸ் லைன் ஓடுவதும் ஒன்றாகக் கலந்து 'கும்'மென்று கேட்டால், அது நல்ல பேஸ் இல்லை. வெறும் இரைச்சல்.

பஸ்ஸில் பேஸ் எங்கே போகிறது?

குற்றாலம் மெயின் அருவியில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் துண்டு கேட்டுப் பாருங்கள். கத்தித்தான் கேட்க வேண்டும். பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மூடிவிடும்.

பஸ்ஸிலும் இதேதான் நடக்கிறது. டீசல் எஞ்சினின் உறுமல் கீழ்ஸ்தாயி ஒலி. பாட்டின் பேஸும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆக, எஞ்சின் முதலில் விழுங்குவது பேஸைத்தான். வீட்டில் பாதி வால்யூமில் பிரமாதமாகக் கேட்ட அதே பாட்டு, பஸ்ஸில் சப்பென்று ஆவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சத்தம் குறையக் குறைய மனிதக் காதுக்கு பேஸ் இன்னும் மெலிதாகக் கேட்கும். காதின் அமைப்பே அப்படி. 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

அதனால் ஹெட்போன் வாங்கும்போது முதல் கேள்வி 'பேஸ் எவ்வளவு?' என்பதாக இருக்கக் கூடாது. 'வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்கும்?' என்பதாக இருக்க வேண்டும். வெளிச்சத்தம் அடங்கினால் பேஸ் தானாகத் திரும்பி வரும், குறைந்த வால்யூமிலேயே.

எங்கே கேட்கப் போகிறீர்கள்?

பஸ், ரயில் பயணத்தில்: காதுத் துளைக்குள் சிலிக்கான் அல்லது ஃபோம் முனையோடு பொருந்தும் இன்-இயர் வகை நல்லது. ஏ.என்.சி. என்கிற இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சின் போன்ற சீரான கீழ்ஸ்தாயி சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுக்காரரின் பேச்சை முழுதாக மறைக்காது. துளைக்குள் போகாமல் காதின் வாசலில் தொங்கும் வகை, பயணத்தில் பேஸுக்கு உதவாது.

வீட்டில், ஹாஸ்டலில்: காதை முழுதாக மூடும் க்ளோஸ்டு-பேக் ஹெட்போன் வசதி. ஓபன்-பேக் வகையில் இசை விசாலமாகக் கேட்கும். ஆனால் அடி பேஸ் பெரும்பாலும் குறையும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பாட்டு கேட்கும். காதை மூடும் வகை நம் ஊர் வெயிலில் வியர்க்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸிங், டிஜே பழக: வயர் உள்ளதே நல்லது. ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும். பாட்டு கேட்பவருக்கு அது தெரியாது; கீபோர்டு தட்டுபவருக்கு உடனே தெரியும். 1988-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 25, 1991-ல் வந்த சோனி எம்.டி.ஆர்-7506 இரண்டும் தொழில்காரர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் வயர் ஹெட்போன்கள்.

பட்ஜெட் குறைவென்றால் இன்னொரு கணக்கு. வயர் ஹெட்போனில் பேட்டரி, சிப் செலவு கிடையாது. அதே காசுக்குப் பெரும்பாலும் நல்ல ஒலி கிடைக்கும். போனில் 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் டைப்-சி அடாப்டர் தேவைப்படும்.

பெட்டி மேல் எழுதியிருப்பதில் எதை நம்பலாம்?

* '20 - 20,000 ஹெர்ட்ஸ்': ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இது இருக்கும். எந்த அளவு சத்தத்தில் என்று சொல்லாதவரை இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.
* டிரைவர் அளவு: பெரிது என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. அதைப் பொருத்தியிருக்கும் விதம்தான் முக்கியம்.
* ஓம்: போனில் நேரடியாகக் கேட்க 16 முதல் 32 ஓம் போதும். 250 ஓம் ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படலாம்.
* ஐ.பி.எக்ஸ். 4: வியர்வையும் சீசன் சாரலும் தாங்கும். அருவியில் தலை கொடுத்தால் தாங்காது.
* பி.ஐ.எஸ். பதிவு எண்: வயர்லெஸ் ஹெட்போனுக்கு இந்தியாவில் இது கட்டாயம். பெட்டியில் இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்கியதும் 5 நிமிட சோதனை

நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் பாதி வால்யூமில் போடுங்கள். இரண்டு இயர்பட்ஸையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் குபீரென்று கூடினால், முனை காதுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். காற்று கசியும் வழியாக பேஸும் போய்விடுகிறது. பெட்டியில் சின்னது, பெரியது என்று கூடுதல் முனைகள் இருக்கும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மாற்றிப் பாருங்கள். சிலருக்கு இடது காதுக்கு ஓர் அளவு, வலது காதுக்கு வேறு அளவு தேவைப்படும். 'பேஸே இல்லை' என்று திருப்பிக் கொடுக்க நினைத்த இயர்பட்ஸ், இந்தச் செலவில்லாத வைத்தியத்தில் சரியாகிவிடலாம்.

அப்படியும் போதவில்லையா? ஈக்வலைசரில் பேஸை மேலே தள்ளுவதற்குப் பதில், மற்ற பகுதிகளைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பேஸ் முன்னால் வரும், மொத்த சத்தம் கூடாது.

காதுக்கு வாரக் கணக்கு உண்டு

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 20 நிமிடம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். தினமும் ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் 90 டெசிபலில் கேட்பவர், வியாழக்கிழமையே அந்த வாரப் பங்கை முடித்துவிடுவார். 12 முதல் 35 வயதுக்குட்பட்ட 100 கோடிக்கும் மேற்பட்டோர் இப்படிச் சத்தமாகக் கேட்டே செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் 2022-ல் எச்சரித்தது.

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. சத்தத்தால் முதலில் அடிபடுவது பேஸைக் கேட்கும் பகுதி அல்ல. 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. அதனால் 'தொம் தொம்' வழக்கம்போல் கேட்கும், 'நமக்கு ஒன்றும் ஆகவில்லை' என்றே தோன்றும். ஆனால் கூட்டத்தில் ஒருவர் பேசினால் ச, த போன்ற எழுத்துகள் நழுவும். குரல் கேட்கும், சொல் புரியாது. அம்மா கூப்பிட்டது கேட்காததற்கு ஹெட்போன்தான் காரணம் என்றால் கழற்றினால் போதும். கழற்றிய பிறகும் "என்னம்மா சொன்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் யோசிக்க வேண்டும்.

பாட்டு முடிந்த பிறகும் காதில் 'கொய்ங்' என்ற சத்தம் நீடித்தால், காது அடைத்தது போல இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால், 'சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

போன் செட்டிங்ஸில் வால்யூம் எச்சரிக்கை இருந்தால் அணைத்து வைக்காதீர்கள். பாதியைக் கொஞ்சம் தாண்டும் அளவோடு நிறுத்திப் பழகுங்கள். சிவகிரிக்கு நடுவே போவது திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்கும்போது இரண்டு காதும் திறந்திருக்கட்டும். பைக்கில் போகும்போது ஹெட்போனே வேண்டாம்.

கடையில் கடைசியாக ஒன்று செய்யுங்கள். பிடித்த ஹெட்போனை மாட்டி, வால்யூமை ஏற்றிப் பார்க்காமல் இறக்கிப் பாருங்கள். குறைந்த சத்தத்திலும் கிக் தனியாக, பேஸ் தனியாக, ஹை-ஹாட் தனியாகக் கேட்கிறதா? அதற்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். 3 வருஷத்தில் பேட்டரி போனால் வேறு ஹெட்போன் வாங்கிக்கொள்ளலாம். காது போனால் வாங்க எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை!