ஒட்டுக்கடை மெக்கானிக்குகள்

பீடோங்கில் கல்யாணப் பந்தி. கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் அண்ணன் மகள், முதல் காடியாக பெரோடுவா அக்ஸியாவுக்கு புக்கிங் போட்டிருக்கும் செய்தியைச் சந்தோஷமாகச் சொன்னாள். பக்கத்து இலையில் இருந்த மச்சான் அப்பளத்தை நொறுக்கியபடியே தீர்ப்பு எழுதிவிட்டார். "சிவிடி காடியா? வேணாம்மா. நூறாயிரம் கிலோமீட்டர்ல கியர் பாக்ஸ் போயிடும். பேசாம பழைய ஆட்டோவுல ஒன்னு தேடு." பிள்ளையின் முகம் செத்துப்போனது. வீடு போகும் வழியெல்லாம் புக்கிங்கை ரத்து செய்யலாமா, கட்டிய முன்பணம் திரும்புமா என்றுதான் பேச்சு.

சரி, தீர்ப்புச் சொன்ன மச்சான் கல்யாணத்துக்கு எதில் வந்தார்? யமஹா ஈகோவில். ஈகோவில் இருப்பது என்ன கியர்? சிவிடி. அதுவும் காரில் இருப்பதுபோல் இரும்பு பெல்ட்கூட இல்லை, ரப்பர் பெல்ட். அந்த ரப்பர் பெல்ட்டை நம்பித்தான் பல வருடமாக கேஸ் தோம்பு, அரிசி மூட்டை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பாடாங் செராய்க்கும் லூனாஸுக்கும் அலைகிறார். மோட்டாரில் பெல்ட் தேய்ந்தால் மாற்றுகிறார், முணுமுணுப்பதில்லை. காடியில் மட்டும் ஒரு சொட்டு ஆயில் மாற்றாமல் ஆயுளுக்கும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஜப்பான்காரனுக்கு அறிவில்லை!

இந்த ஒட்டுக்கடை மெக்கானிக்குகளிடம் ஒரு கேள்வி. சிவிடி எப்படி வேலை செய்கிறது என்று உங்களில் ஒருவராவது சொன்னதுண்டா? இரண்டு புல்லி. ஒவ்வொன்றும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள். நடுவே நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் வெளிப்பக்கம் ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். அவ்வளவுதான், பல் சக்கரம் மாறுகிற உதறல் இல்லை. பெல்ட் வழுக்காமல் பிடித்து வைப்பது ஆயிலின் அழுத்தம். அந்த ஆயில் வழவழப்பும் தர வேண்டும், இரும்பும் இரும்பும் பிடித்துக்கொள்ளவும் விட வேண்டும். அதனால்தான் சிவிடிக்கென்று தனி ஆயில். அதில் சாதாரண ஆட்டோ ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியில் கீறல் விழும், காடி உதறும். கீறல் விழுந்த புல்லியை எந்தச் சாமியாலும் காப்பாற்ற முடியாது. பீசாங் கோரேங் கடைக்காரர்கூட எண்ணெய் கறுத்தால் மாற்றிவிடுகிறார். நம் ஆட்கள் கியர் பாக்ஸில் கறுத்த ஆயிலைக் கடைசிச் சொட்டு வரை காய்ச்சிவிட்டு "சிவிடி லாயக்கில்லை" என்கிறார்கள்.

இந்தத் தொழில்நுட்பம் நேற்று பிறந்ததும் இல்லை. இங்கே நம் பாட்டன்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த 1958-லேயே ஹாலந்தின் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட் சிவிடி வைத்துக் கார் காட்டிவிட்டது. மச்சானின் ஈகோவுக்கு அதுதான் தாத்தா. எஃகு பெல்ட் 1987-ல் சுபாரு ஜஸ்டியில் வந்தது. நம் ஊரில் ஹோண்டா சிட்டி 2003-லேயே சிவிடியோடு ஓடியது. அந்தச் சிட்டிகளில் சில இன்னும் சுங்கை பட்டாணி சந்தைக்கு வந்துபோவதைப் பார்க்கிறேன். பெரோடுவா 2021-ல் அத்திவாவில் ஆரம்பித்து மைவி, அல்ஸா, 2023-ல் அக்ஸியா என்று வரிசையாக டி-சிவிடி போட்டது. வேகம் கூடும்போது பெல்ட்டின் சுமையில் ஒரு பங்கைப் பல் சக்கரம் வாங்கிக்கொள்கிற அமைப்பு அது. நாட்டிலேயே அதிகம் விற்கிற கம்பெனி, ஊரெல்லாம் நடுவழியில் நின்றுபோகும் கியர் பாக்ஸைத் தன் பிழைப்பில் மண்ணாகப் போட்டுக்கொள்ளுமா?

உடனே வாட்ஸ்அப்பில் ஒரு துருப்புச் சீட்டு வரும். "புரோட்டோனே சாகாவிலிருந்து சிவிடியைத் தூக்கிட்டான்." ஆமாம், 2011-ல் சாகாவில் போட்டதை 2019-ல் தூக்கிவிட்டு நாலு ஸ்பீட் ஆட்டோ வைத்தார்கள். அதே வருடம் புதுப்பித்து விட்ட பெர்சோனாவிலும் இரிஸிலும் சிவிடியை விடவில்லையே, அதை ஏன் யாரும் அனுப்புவதில்லை? அடுத்த சீட்டு, அமெரிக்காவில் நிஸான் சிவிடிக்கு வாரண்டியை நீட்டிக்கொடுத்த கதை. அமெரிக்காக்காரன் கியர் பாக்ஸுக்குக் கெடாவில் ஏன் துக்கம் காக்க வேண்டும்? மச்சானின் ஈகோ ஓடுகிறதா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஜெராய் மலை ஏறும்போது "சத்தம் ஏறுது, காடி ஏறலை" என்று இன்னொரு புலம்பல். இன்ஜின் ஒரே சுற்றில் நின்று இழுப்பதுதான் சிவிடியின் குணம். காதுக்குப் பழக்கமில்லாத சத்தமெல்லாம் நோயில்லை.

இந்த மூடநம்பிக்கைக்குத் தீனி போடுவது யார்? ஒரு பக்கம், "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்" என்று சிரித்தபடி சாவி கொடுக்கும் விற்பனையாளர்கள். யாருடைய லைஃப்? இன்னொரு பக்கம், மீட்டரைத் திருப்பி விற்கும் செகண்ட் ஹேண்ட் வியாபாரிகள். நூற்றைம்பதாயிரம் ஓடிய காடி எழுபதாயிரம் காட்டினால், வாங்கியவனுக்கு ஆயில் மாற்ற வேண்டிய கணக்கு எங்கே தெரியும்? அந்தக் காடி படுத்ததும் பழி சிவிடிமேல், மீட்டர் திருப்பியவனோ அடுத்த காடிக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பான். பழைய ஆட்டோ கியர் பாக்ஸ் போனபோது நாம் என்ன செய்தோம்? சத்தமில்லாமல் ஹாஃப் கட் கடையில் ஒன்று வாங்கி மாட்டினோம். அப்போது யாரும் பந்தியில் உட்கார்ந்து பிரசங்கம் செய்யவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் உடைந்து, டவுனுக்கு வந்த நம் பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலிருந்து பாயான் லெபாஸ் பேக்டரிக்குப் போய்வர நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். ஷிப்டுக்கு ஒத்துவருகிற பஸ் எல்லோருக்கும் அமைவதில்லை. காடி வாங்காமல் வேலை இல்லை, ஒன்பது வருட லோன் இல்லாமல் காடி இல்லை. மச்சான் பயமுறுத்தும் அந்த நூறாயிரம் கிலோமீட்டர், லோன் பாதி முடியும் முன்பே ஓடிவிடும். அப்படியிருந்தும் ஸ்போர்ட் ரிம்முக்கு இரண்டாயிரம் வெள்ளி எடுக்கிற கை, ஆயிலுக்குச் சில நூறு எடுக்க நடுங்குகிறது. பின் கண்ணாடியில் புலிப் படம் ஒட்டக் காசு இருக்கிறது!

என் அண்ணன் மகள் புக்கிங்கை ரத்து செய்யவில்லை, நான் விடவில்லை. சிவிடி காடி வைத்திருப்பவர்களே, டேஷ்போர்டு அறையில் தூங்கும் சர்விஸ் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கியர் ஆயிலுக்கு 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் 40,000-ல் மாற்றுங்கள். காடி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ் போடுங்கள். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதை பில்லில் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற ஒர்க்‌ஷாப்பில் காடியை விடாதீர்கள்.