இனிப் பெட்டி வராது

வடமராட்சியில் இருக்கும் என் ஊரவர்களுக்கு,

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். கப்பலில் போடும் பெட்டி இந்த முறை என் வீட்டிலிருந்து வராது. ஒருவரோடும் கோபமில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் கோயிலுக்கும் அனுப்புவது வழமைபோல வரும். காரணம் சொல்லாமல் விட்டால் வேறு கதை கிளம்பும். அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெட்டி நிறைவது நவம்பரில், பிளாக் பிறைடே நாட்களில். மிச்சம் டிசெம்பர் 26இல், பொக்சிங் டேக்கு. அரைவிலை என்ற அட்டையைக் கண்ட பிறகுதான் அந்தப் பொருள் தேவை என்றே தோன்றும். சப்பாத்து, சொக்லேட், சென்ற், யாருக்கு அளவு என்று தெரியாமலே எடுத்த சேர்ட்டுகள். பெரும்பாலும் கிரெடிட் கார்ட்டில். மாதக் கணக்கை முழுதாகக் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 20 வீதத்தை ஒட்டிய வட்டி ஏறும். அதை அடைக்க இரண்டாவது வேலைக்கு, இரவு வேலைக்குப் போகிறவர்கள் நம் ஆட்களில் இருக்கிறார்கள். வட்ஸ்அப் படங்களில் உங்களுக்குத் தெரிவது வீடும் காரும்தான். பல வீடுகளில் அந்தக் கார் வெளியே பனியில் நிற்கிறது. கராஜுக்குள் இடமில்லை: பிரிக்காத சாமான்கள், ஒரு குளிர்காலம் மட்டும் ஓடிய உடற்பயிற்சி மெசின், பிள்ளைகள் வளர்ந்தபின் கழித்த உடுப்பு மூட்டைகள். அதிலும் அடங்காததை வைக்க மாத வாடகைக்கு அறை எடுப்பவர்களும் உண்டு.

‘எல்லாம் அனுபவித்துவிட்டு எங்களுக்குப் புத்தி சொல்கிறான்’ என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையை நான் மறக்கவில்லை. பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, பசளை இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். அந்த நாட்களைப் பொற்காலம் என்று இங்கே மேடைகளில் சிலர் பேசும்போது எனக்கு வயிறு எரிகிறது. பறித்துக்கொண்டு போனதால் இல்லாமல் இருந்ததை எளிமை என்று எப்படிச் சொல்வது? ஏ-9 வீதி திறந்ததும் ஆசைப்பட்டதை வாங்கினீர்கள். அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

பயம் எனக்கு அதற்குப் பிறகு நடந்ததில்தான். போர் முடிந்த கையோடு லீசிங் கம்பனிகளும் நுண்கடன்காரர்களும் வந்தார்கள். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்கும் அளவுக்கு நிலைமை போனது. அந்தக் கடன்களில் பல சோற்றுக்கும் மருந்துக்கும் பட்டவை. அவற்றைப் பற்றி நான் பேசவில்லை. சாமத்திய வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன். ட்ரோன் கமரா, மண்டபம், ஒரே நாளில் மாற்றி மாற்றி உடுத்தும் சீலைகள், மேசை கொள்ளாத அல்பம். லீவில் வந்த வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று செய்துகாட்டியதை, அடுத்த வீட்டுத் தாய் தன் தாலிக்கொடியை அடகுவைத்துச் செய்கிறாள். பிள்ளைக்குப் பதினான்கு வயது. அந்த நகையை மீட்கும்வரை அவளுடைய ரியூசன் காசு பின்னால் போகிறது. தயவுசெய்து எங்களைப் பார்த்துச் செலவழிக்காதீர்கள். வீட்டு முற்றத்தில், சொந்தக்காரரோடு, தாய்மாமன் கையால் தண்ணி வார்த்தால் அந்தச் சடங்கில் எது குறைந்துவிடும்?

முன்பு ஒரு கலியாண வீடு என்றால் கிடாரமும் கதிரையும் பெற்றோல்மாக்சும் இரவலாகத்தானே வந்தன? சனசமூக நிலையத்தில் பேப்பர் படித்தோம்; ஒரு பேப்பரை ஊரே படித்தது. தண்ணீர் மோட்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும், வாங்குங்கள். ஆனால் சுவரில் துளைபோடும் மெசின், உயரமான ஏணி, புல்லு வெட்டும் மெசின், பெரிய கிடாரங்கள் எல்லாம் வீட்டுக்கு வீடு எதற்கு? நிலையத்தில் ஒன்றிரண்டு இருந்தால் ஒழுங்கை முழுவதற்கும் போதும்.

பெட்டிக்குப் போகும் காசை இதற்குத் தர இங்கே இன்னும் சில குடும்பங்கள் சம்மதித்திருக்கின்றன. எதை வாங்குவது, சாவி யாரிடம் இருப்பது, பழுதானால் யார் திருத்துவது என்பதை நிலையக் கூட்டத்தில் நீங்களே பேசி முடிவெடுங்கள். பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்த வீட்டில் எது சும்மா கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் திருவிழாவுக்கு வருகிறேன். அதற்கு முன்பே பதில் எழுதுங்கள், மறுப்பதென்றாலும்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்