91-ம் நம்பர் தொட்டியில் விழுந்த மூன்று பேர்

மக்களே, செமஸ்டர் நெருங்குகிற நேரத்தில் இந்தப் பதிவு தேவையா என்று கேட்பீர்கள். தப்பு என் மேல் இல்லை. கொட்டாம்பட்டியில் பஸ் ஏறி மேலூர் வருவதற்குள் நண்பன் ஒருவன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். திருகோணமலை சீனன்குடா, எரிந்து உருகிய பெரிய எண்ணெய்த் தொட்டி, பின்னால் டமடம என்று இசை. "உலகத்தோட முதல் தற்கொலை விமானத் தாக்குதல், செம கெத்து மாப்ள!" என்றான். அப்போது வாயை மூடிக்கொண்டேன். இப்போது முடியவில்லை.

முதலில் நடந்தது. 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 90 குண்டுவீச்சு விமானங்களும், துணைக்கு வந்த சண்டை விமானங்களும் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதில் ஒன்று 91-ம் நம்பர் தொட்டியில் விழுந்தது. நெருப்பு ஏழு நாள் எரிந்ததாக அந்த ஊரில் சொல்கிறார்கள். இறந்தவர்கள் என்று சொல்லப்படும் பெயர்கள் மூன்று: ஷிகெனோரி வதனபே, டோகியா கோட்டோ, சுடோமு டோஷிரா.

மூன்று பெயர்! சண்டை விமானமான ஜீரோவில் ஒரே ஆள்தான் உட்கார முடியும். மூன்று பேர் என்றால் நகாஜிமா பி5என் வகைக் குண்டுவீச்சு விமானம். ஓட்டுபவர் ஒருவர், வழி பார்த்துக் குறி வைப்பவர் ஒருவர், பின்னால் ரேடியோவும் துப்பாக்கியுமாக ஒருவர். விமானத்தைத் திருப்பும் கட்டை ஒருவர் கையில்தான் இருக்கும். அவர் வேண்டுமென்றே இறக்கினார் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற இருவரும் "சரி, சாவோம்" என்று தலையாட்டியதை யார் பார்த்தது? ஓட்டியவர் ஏற்கனவே குண்டடி பட்டு இறந்திருந்தால்? இறக்கை பிய்ந்திருந்தால்? கீழே பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சொல்லக்கூடிய மூவரும் சாம்பலாகிவிட்டார்கள். ஆனால் வீடியோக்காரருக்கு மட்டும் அவர்கள் மனசுக்குள் என்ன ஓடியது என்று தெரியும்!

"முதல் தற்கொலைப்படை" என்பது அடுத்த கூத்து. ஜப்பான் அதற்கென்று படை அமைத்தது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில். இரண்டரை வருஷம் கழித்து. உத்தரவு போட்டு, பெட்ரோலும் குண்டும் நிரப்பிச் சாக அனுப்பியது அது. அடிபட்ட விமானம் கடைசி நொடியில் எதன் மேலாவது விழுவது வேறு. எல்லா நாட்டு விமானங்களும் அப்படி விழுந்திருக்கின்றன.

"அவன் குண்டு போட வந்தவன், நீ எதுக்கு வக்காலத்து?" என்று பின்னூட்டம் வரும். வக்காலத்து இல்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, இதே படை கொழும்பில் குண்டு போட்டு எத்தனையோ பொதுமக்களைக் கொன்றது. அதை மறக்கச் சொல்லவில்லை. எதிரி என்பதற்காக அவன் சாவைப் பற்றி இஷ்டத்துக்கு அளக்கலாமா என்பதுதான் கேள்வி.

எனக்கு இது ஏன் இப்படிச் சுடுகிறது என்றால், எங்கள் ஊர் நான்குவழிச் சாலையில் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் வண்டியோடு போய் நின்ற லாரியில் மோதி இறந்தார். போலீஸ் வருவதற்குள் டீக்கடையில் தீர்ப்பு ஆகிவிட்டது: "காதல் தோல்வி, வேணும்னே விட்டிருக்கான்." டயர் வெடித்திருந்தது பிறகு தெரிந்தது. கதை மட்டும் நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் வரை அந்த அம்மாவிடம் அதைக் கேட்டார்கள். அந்த அம்மா அன்றைக்குப் பிறகு கடைவீதிப் பக்கமே வருவதில்லை.

இன்னொன்று. அதே ஏப்ரல் 9 அன்று கொழும்பிலிருந்து பிரிட்டிஷ் 11-ம் ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் 9 அந்த ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போய்த் தாக்கின. துணைக்கு ஒரு சண்டை விமானம் கூடக் கிடையாது. குண்டுகள் 'அகாகி' கப்பலைச் சுற்றி விழுந்தன, ஒன்றும் படவில்லை. 5 விமானங்கள் திரும்பவில்லை. அதில் ஒன்று சண்டையெல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் சிக்கியது. விமானத்துக்கு மூன்று பேர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடலில் போனவர்களின் பெயர்களைப் பார்க்க சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவருக்குத்தான் போகவேண்டும். இவர்களுக்கு டமடம இசை போட்டு ஒரு வீடியோ எடுக்க ஆள் இல்லை. கெத்து பத்தவில்லை போல.

ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் பெயர் வெட்டிக் கல் நட்டவர்கள் நாம். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. அதில் யார், எந்த ஊர், எந்தச் சண்டை என்று ரத்தினச் சுருக்கமாக இருக்கிறது. அவன் மனசுக்குள் என்ன நினைத்தான் என்று ஒரு எழுத்தும் இல்லை.

மாப்ள, வீடியோவைப் போட்ட அதே குரூப்பில் இதையும் போடு. அந்த மூன்று பெயரையும் சேர்த்துப் போடு.