ஏரிக்கரையில் தட்டு கழுவுவது யார்?

ஜனவரி பிறந்தாலே எங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். "பத்து வயசுப் பையனை ஏழு வாரம் ஏரிக்கரையில எவன்கிட்டயோ விட்டுட்டு வரணுமா? போன் கூட கிடையாதாமே!" இது தங்கமணி. "கூடப் படிக்கிறவன் எல்லாம் போறான்" இது பையன். நான் வழக்கம் போல நடுவுல.

பாஸ்டன் பக்கம் குடியிருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். வடக்கே நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட், மேய்ன்னு எங்கே போனாலும் ஏரி. பல ஏரிக்கரைகள்ல பசங்களுக்கான கோடை முகாம். மரக் கேபின், படகு, ராத்திரி கணப்பு நெருப்பு, பாட்டு. சிலது நூறு வருஷம் தாண்டினது. நியூயார்க் மாநிலத்துல சாம்ப்ளேன் ஏரிக்கரையில இருக்கற கேம்ப் டட்லி 1885-ல் ஆரம்பிச்சது, இன்னும் நடக்குது.

எனக்குப் பிடிச்ச கதை அதுக்கும் நாலு வருஷம் முந்தினது. எர்னஸ்ட் பால்ச்னு ஒரு டார்ட்மத் கல்லூரி மாணவர். பணக்கார வீட்டுப் பசங்க லீவுல அப்பா அம்மாவோட ஹோட்டல் ஹோட்டலா போய் சும்மா உட்கார்ந்து வீணாப் போறாங்களேன்னு அவருக்குக் கவலை. 1881-ல் ஸ்க்வாம் ஏரியில ஒரு தீவுல முகாம் போட்டார் ('ஆன் கோல்டன் பாண்ட்' படம் எடுத்த அதே ஏரிதான்). வேலைக்காரங்களே கிடையாது. சமையல், பாத்திரம், துப்புரவு எல்லாம் பசங்களே முறை வச்சு செய்யணும். 1889-லயே அது மூடிட்டாலும் பின்னாடி வந்த பல முகாம்களுக்கு அதுதான் முன்மாதிரி.

போன கோடையில ஒரு முகாமை நேர்ல பார்த்துட்டு வந்தோம். சுத்திக் காட்டினவன் 19 வயசு கவுன்சிலர். (கவுன்சிலர்னதும் வார்டு கவுன்சிலர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல :-)) ஒன்பது வயசுல முகாமுக்கு வந்தவன், இப்போ ஒரு கேபினுக்கே பொறுப்பு. தண்ணில இறங்கினா ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஜோடி. விசில் அடிச்சா ஜோடி ஜோடியா கையைப் பிடிச்சு தூக்கணும், தலை எண்ணி முடிக்கற வரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாது.

தங்கமணி அவன்கிட்ட மெதுவா கேட்டாங்க: "ராத்திரி படுக்கையை நனைச்சிட்டா?" அவன் சிரிக்கல. "மத்தவங்க சாப்பிடப் போனதும் நான் விரிப்பை மாத்திடுவேன். யாருக்கும் தெரியாது. எனக்கும் ஒருத்தர் அப்படித்தான் செஞ்சார்"னான். திரும்பி வர்றப்போ கார்ல தங்கமணி ரொம்ப நேரம் பேசவே இல்ல.

மக்களே, என்னைப் பொறுத்தவரை முகாம்னா அந்தப் பையன்தான். ஏரி எங்கேயும் இருக்கு. தனக்குக் கிடைச்ச அன்பை பத்து வருஷம் கழிச்சு இன்னொரு பொடியனுக்குத் திருப்பித் தர்ற பழக்கம் எங்கேயும் கிடைக்காது.

ஆனா ஒண்ணு உறுத்துச்சு. அங்கே சமையல்கட்டுல தட்டு கழுவிட்டு இருந்தது வெளிநாட்டுல இருந்து கோடை வேலை விசாவுல வந்த ஒரு கல்லூரி மாணவன். பசங்க சாப்பிட்டு தட்டை ஜன்னல்ல வச்சிட்டு ஓடறாங்க. பால்ச் எந்த வியாதிக்கு மருந்து கொடுத்தாரோ அதே வியாதி! இது போதாதுன்னு, வருஷத்துக்கு ஏழு மாசத்துக்கு மேல நடக்காத இந்த மாதிரி பொழுதுபோக்கு இடங்களுக்கு கூட்டரசோட குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துலயும் விலக்கு இருக்கு. ராத்திரி பகலா பசங்களைப் பார்த்துக்கறவனுக்கு மணிக்கணக்கு கிடையாது, மொத்தமா ஒரு தொகை. "அனுபவம்தானே சம்பளம்"னு சொல்லுவாங்க. அனுபவத்தை வச்சு கல்லூரி ஃபீஸ் கட்ட முடியாதே? அப்புறம் வசதியான வீட்டுப் பசங்க மட்டும்தான் கவுன்சிலரா வர முடியும். அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துடும்.

அதனால முகாம் தேடறவங்களுக்கு என் யோசனை: எத்தனை படகு, என்ன விளையாட்டுன்னு கேட்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. கவுன்சிலர்கள்ல எத்தனை பேர் இங்கேயே வளர்ந்தவங்க? அவங்களுக்கு என்ன கொடுக்கறீங்க? தட்டை யார் கழுவறாங்க?

நாங்க வேற ஒரு முகாம்ல கேட்டோம். மூணாவது கேள்விக்கு "பசங்கதான், முறை வச்சு"ன்னு பதில் வந்துச்சு. பையனைச் சேர்த்தாச்சு.

வீட்டுல இன்னும் ஒரு டம்ளர் கூட கழுவினதில்ல. பார்ப்போம் :-)